சூட்டைக் குறைக்கணும், வேகம் குறையக் கூடாது! எரிபொருள் செல்லின் ‘கேத்தோடு’ சிக்கல் என்ன?

ஏ.ஐ-க்கு மின்சாரம் பத்தவில்லை. அமெரிக்காவில் டேட்டா சென்டர் கட்டும் நிறுவனங்கள் இப்போது புலம்புவது இதைத்தான். கட்டடம் ரெடி, சர்வர் ரெடி. ஆனால் கிரிட் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால், ‘மின்சாரத்தை வாசலிலேயே தயாரித்துக் கொள்ளலாமே’ என்று பலர் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அப்படி யோசிக்கும்போது அடிபடும் பெயர்களில் ஒன்று, ப்ளூம் எனர்ஜி. 2024 நவம்பரில் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் என்ற பெரிய மின் நிறுவனம், ப்ளூமிடம் 1 ஜிகாவாட் வரை எரிபொருள் செல்கள் வாங்க ஒப்பந்தம் போட்டது. 2025 அக்டோபரில் புரூக்ஃபீல்டு என்ற முதலீட்டு நிறுவனம் 500 கோடி டாலர் வரை இதில் போடுவதாக அறிவித்தது. ப்ளூமை 2001-ல் தொடங்கியவர் கே.ஆர்.ஸ்ரீதர். இன்று என்.ஐ.டி என்று அழைக்கப்படும் திருச்சி பொறியியல் கல்லூரியில் படித்தவர்.

ஒரு பெட்டி. உள்ளே இயற்கை எரிவாயுவும் காற்றும் போகும். வெளியே மின்சாரம் வரும். நெருப்பு எரியாது, டர்பைன் சுற்றாது. இதற்குப் பெயர் திட ஆக்ஸைடு எரிபொருள் செல்.

கேட்க அருமையாக இருக்கிறது. அப்புறம் ஏன் இது எல்லா வீட்டு மாடியிலும் இல்லை?

முக்கியமான காரணங்களில் ஒன்று, சூடு. இந்த வகை செல்கள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி செல்சியஸில்தான் வேலை செய்கின்றன. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதைவிட அதிக சூட்டில் பல ஆண்டுகள் ஓய்வில்லாமல் ஒரு கருவி ஓட வேண்டும்.

இந்தச் சூட்டை 500, 600 டிகிரிக்குக் கொண்டுவர உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன. அதற்குக் குறுக்கே நிற்பதில் பெரிய ஆள், செல்லின் காற்றுப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதுதான் கேத்தோடு.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

ஒரு சாண்ட்விச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கு. மூன்றுமே பெரும்பாலும் செராமிக், அதாவது பீங்கான் வகைப் பொருள்.

மேலே கேத்தோடு. இங்கே காற்று வரும். காற்றில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறு, எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, இரண்டாகப் பிரிந்து, ஆக்சிஜன் அயனிகளாக மாறும்.

நடுவில் எலக்ட்ரோலைட். இது கறாரான காவலாளி. ஆக்சிஜன் அயனிகளை மட்டும் உள்ளே விடும். எலக்ட்ரான்களை விடாது. காற்றையும் வாயுவையும் கலக்க விடாது.

கீழே ஆனோடு. இங்கே ஹைட்ரஜன் அல்லது இயற்கை எரிவாயு காத்திருக்கும். வந்து சேரும் ஆக்சிஜன் அயனியோடு ஹைட்ரஜன் சேர்ந்து நீராவி ஆகும். அப்போது எலக்ட்ரான்கள் விடுபடும். காவலாளி உள்ளே விடாததால், அவை வெளியே ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டு கேத்தோடுக்குப் போயாக வேண்டும். அந்தச் சுற்றுவழி ஓட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

எரித்து, ஆவியாக்கி, சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் எடுக்கும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆற்றல் வீணாகும். இங்கே அந்தக் கட்டங்கள் கிடையாது. ஆஸ்திரேலியாவில் உருவான ‘ப்ளூஜென்’ என்ற 1.5 கிலோவாட் செல், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 60 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. அந்த அளவு சின்ன எஞ்சின் ஜெனரேட்டர் இதை நெருங்கவே முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடினால் கார்பன் டை ஆக்ஸைடு வரத்தான் செய்யும். அதே யூனிட்டுக்குக் குறைந்த எரிபொருள் போதும் என்பதுதான் லாபம். ஹைட்ரஜனில் ஓடினால் மட்டுமே, செல்லிலிருந்து நீராவி தவிர வேறு எதுவும் வராது.

இவ்வளவு சூடு ஏன்?

எரிபொருள் செல் என்ற யோசனை பழசு. 1839-லேயே பிரிட்டனின் வில்லியம் குரோவ் இந்தத் தத்துவத்தைக் காட்டிவிட்டார். ஆனால் திடப்பொருளுக்குள் அயனி ஓடும் என்பதைப் பயன்படுத்தியது ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட். 1890-களின் இறுதியில், சிர்கோனியாவில் யிட்ரியா என்ற ஆக்ஸைடைக் கொஞ்சம் கலந்து ஒரு விளக்கு செய்தார். குளிர்ந்த நிலையில் மின்சாரத்தை விடாத அந்தப் பீங்கான், சூடானதும் மின்சாரத்தைக் கடத்தி ஒளிர்ந்தது.

1937-ல் சுவிட்சர்லாந்தில் எமில் பௌர், ஹான்ஸ் பிரைஸ் இருவரும் அதே வகைப் பொருளை வைத்து முதல் திட ஆக்ஸைடு எரிபொருள் செல்லை ஓட்டினார்கள். வெப்பநிலை: சுமார் 1,000 டிகிரி.

சிம்பிளா சொன்னா, திடப்பொருளுக்குள் அயனி நகர்வது நெரிசல் பஸ்ஸில் ஆள் நகர்வது மாதிரி. பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும், அங்கே தாவும் அளவுக்குத் தெம்பும் வேண்டும். அந்தத் தெம்பைக் கொடுப்பது சூடு. சூடு குறைந்தால் தாவல் குறையும், மின்சாரமும் குறையும்.

சூடு குறைஞ்சா என்ன லாபம்?

1,000 டிகிரியில் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் தகடுகூட விலை உயர்ந்த செராமிக்காக இருக்க வேண்டும். 700, 800-க்கு இறங்கியதும் சிறப்பு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும் என்ற நிலை வந்தது. 600-க்குக் கீழே வந்தால் இன்னும் மலிவான ஸ்டீலைப் பயன்படுத்தலாம். காற்றும் வாயுவும் கலக்காமல் ஓரங்களை அடைக்கும் சீல் வேலையும் எளிதாகும்.

அடுத்தது நேரம். 800 டிகிரி செல்லைக் குளிர்ந்த நிலையிலிருந்து கிளப்பினால், அது தயாராகப் பல மணி நேரம் ஆகலாம். அவசரமாகச் சூடாக்கினால் பீங்கான் விரிசல் விடும். அதனால்தான் ‘போட்டா போட்டபடி 24 மணி நேரமும் ஓடு’ என்ற இடங்களுக்கு இது பொருந்துகிறது. டேட்டா சென்டர் அப்படிப்பட்ட இடம். கரன்ட் போனால் ஓடி, வந்தால் நிற்கும் டீசல் ஜெனரேட்டரின் இடத்தைப் பிடிக்க இதனால் முடியவில்லை.

மூன்றாவது, ஆயுள். அதிக சூட்டில் எல்லாப் பொருளும் பக்கத்துப் பொருளோடு வினை புரியும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சூடு குறைந்தால் இந்தத் தேய்மானம் பெருமளவு மெதுவாகும்.

ஆக, 800-ஐ 500 ஆக்குவது என்பது, பணக்கார நிறுவனங்கள் மட்டும் வாங்கும் பெட்டியைச் சாதாரண ஆஸ்பத்திரியும் அபார்ட்மென்ட்டும் வாங்கக்கூடிய பெட்டியாக மாற்றும் முயற்சி.

அப்போ தடுப்பது யார்?

சூட்டைக் குறைத்தால் மூன்று அடுக்குகளும் மந்தமாகும். ஆனால் சம அளவில் இல்லை.

எலக்ட்ரோலைட்டுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அதை மெலிதாக்கிவிடலாம். நூற்றுக்கணக்கான மைக்ரான் தடிமனை 10 மைக்ரான் ஆக்கினால், அயனி கடக்க வேண்டிய தூரம் குறைந்துவிடும். சீரியா போன்ற, குறைந்த சூட்டிலும் அயனியை நன்றாகக் கடத்தும் பொருளுக்கு மாறலாம்.

கேத்தோடு விஷயத்தில் இந்த வித்தை பலிக்காது. காரணம், அங்கே பிரச்னை தூரம் இல்லை, வேலை. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் இரட்டைப் பிணைப்பால் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அதை மேற்பரப்பில் பிடிக்க வேண்டும், உடைக்க வேண்டும், நான்கு எலக்ட்ரான்கள் கொடுக்க வேண்டும், பிறகு இரண்டு அயனிகளையும் உள்ளே அனுப்ப வேண்டும். ஆனோடு பக்கம் ஹைட்ரஜனைப் பிரிப்பது இதைவிட எவ்வளவோ சுலபம்.

நெடுஞ்சாலையை எவ்வளவு குறுக்கினாலும், சுங்கச்சாவடியில் ஒரே ஒரு கவுன்டர்தான் திறந்திருக்கிறது என்றால் வண்டிகள் நிற்கத்தான் செய்யும். குறைந்த சூட்டில் கேத்தோடு அந்தக் கவுன்டர்.

பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்த கேத்தோடு, லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், மாங்கனீஸ் சேர்ந்த ஆக்ஸைடு. சுருக்கமாக எல்.எஸ்.எம். எலக்ட்ரானை நன்றாகக் கடத்தும், உறுதியானது, எலக்ட்ரோலைட்டோடு சேர்ந்தே விரியும், சுருங்கும். 900 டிகிரியில் கில்லாடி. ஆனால் இதற்குள் ஆக்சிஜன் அயனி அநேகமாக நகரவே முடியாது. அதனால் காற்று, கேத்தோடு, எலக்ட்ரோலைட் மூன்றும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் மட்டும்தான் வினை நடக்கும். இவ்வளவு பெரிய மைதானத்தில், ஓரத்துக் கோட்டின் மேல் மட்டும் விளையாடு என்று சொல்வது போல. 600 டிகிரிக்கு வந்தால் எல்.எஸ்.எம் படுத்துவிடுகிறது.

கோட்டிலிருந்து மைதானத்துக்கு

தீர்வு எங்கே என்று ஊகித்திருப்பீர்கள். எலக்ட்ரான், அயனி இரண்டையும் கடத்தும் பொருள் கிடைத்தால், விளிம்பு மட்டும் இல்லாமல் முழு மேற்பரப்பும் வேலை செய்யும்.

இங்கேதான் பெரோவ்ஸ்கைட் வருகிறது. சோலார் செல் செய்திகளில் கேள்விப்பட்ட அதே பெயர். இது ஒரு பொருள் இல்லை, ஒரு அணு அடுக்குமுறை. இந்த அமைப்பைக் கொண்ட ஒரு கனிமம் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்து, 1839-ல் அடையாளம் காணப்பட்டு, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரைப் பெற்றது. குரோவ் எரிபொருள் செல் தத்துவத்தைக் காட்டிய அதே ஆண்டு!

இந்த அமைப்பை ஒரு பஸ் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்று வகை சீட் இருக்கிறது. பெரிய சீட்டில் லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் போன்ற பெரிய அணுக்கள். சின்ன சீட்டில் மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட் போன்றவை. மீதி சீட்டெல்லாம் ஆக்சிஜனுக்கு. சிறப்பு என்னவென்றால், யாரை எந்த சீட்டில் எவ்வளவு உட்கார வைப்பது என்பதை நாமே மாற்றலாம். சரியாக மாற்றினால் ஆக்சிஜன் சீட்டுகளில் சில காலியாகும். அந்தக் காலி சீட்டுகள் வழியாகத்தான் அயனிகள் தாவித் தாவிப் போகும்.

1985-ல் ஜப்பானின் யசுடேக் டெரவோகா குழு, லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த பெரோவ்ஸ்கைட்கள் வழியாக ஆக்சிஜன் நன்றாகக் கசிந்து செல்வதைக் காட்டியது. எல்.எஸ்.சி.எஃப் என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பம்தான் இன்று 600 முதல் 800 டிகிரி செல்களில் பரவலாக உள்ள கேத்தோடு.

2004: எல்லாரும் திரும்பிப் பார்த்த பொருள்

அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்த ஜோங்பிங் ஷாவோ, சோசினா ஹெய்ல் இருவரும் 2004-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு கலந்த பெரோவ்ஸ்கைட். சுருக்கமாக பி.எஸ்.சி.எஃப். ஷாவோ இதை முன்பே, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் சவ்வாக ஆராய்ந்திருந்தார். அதையே கேத்தோடாகப் பூசிப் பார்த்தார்கள்.

600 டிகிரியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,010 மில்லிவாட் வந்தது. 500 டிகிரியில் 402 மில்லிவாட். அந்த வெப்பநிலையில் அப்போது இது பிரமிக்க வைத்த எண். ‘கேத்தோடு சிக்கல் முடிஞ்சது’ என்றே தோன்றியிருக்கும்.

முடியவில்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், சந்தையில் உள்ள செல்களின் வழக்கமான கேத்தோடாக பி.எஸ்.சி.எஃப் மாறவில்லை. ஏன்?

வேகம் இருந்தது... தாக்குப்பிடிக்கலை

முதல் வில்லன், நாம் மூச்சு விடும் காற்றே. அதில் சுமார் 0.04 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு இருக்கிறது. பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் அதோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறக்கூடியவை. அந்தப் படலம் மேற்பரப்பை மூடிவிட்டால் ஆக்சிஜன் உட்கார இடம் இருக்காது. இதில் ஒரு முரண் உண்டு. கார்பனேட்டுகள் அதிக சூட்டில் சிதைந்துவிடும், குறைந்த சூட்டில் நிலைத்து நிற்கும். சூட்டைக் குறைக்கத்தான் இந்தப் பொருளைத் தேடினார்கள், குறைத்த சூட்டிலேயே அதன் பகை பலமாகிவிட்டது.

போதாததற்கு, 800-களுக்குக் கீழே நீண்ட நேரம் வைத்திருந்தால் பி.எஸ்.சி.எஃப்-ன் அணு அடுக்கே மெல்ல மாறத் தொடங்குகிறது. நல்ல கடத்தல் உள்ள கனசதுர அமைப்பு, மந்தமான அறுகோண அமைப்பாகிவிடும்.

இரண்டாவது வில்லன், உள்ளிருந்தே வருபவர். எல்.எஸ்.சி.எஃப் உள்ளிட்ட பல கேத்தோடுகளில் ஸ்ட்ரான்ஷியம் மெதுவாக மேற்பரப்புக்கு ஏறி வந்து தேங்குகிறது. பாலில் ஆடை படிவது போல. அந்த ஆடை படிந்த இடம் மந்தமாகிவிடும். அதே ஸ்ட்ரான்ஷியம் சிர்கோனியா எலக்ட்ரோலைட்டோடு சேர்ந்தால், அயனி போகாத ஒரு சுவர் உருவாகும். அதைத் தடுக்க நடுவில் சீரியா அடுக்கு ஒன்று போடுகிறார்கள். அது இன்னொரு அடுக்கு, இன்னொரு செலவு.

மூன்றாவது, குரோமியம். செல்களை இணைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் இருக்கும். சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது ஆவியாகக் கிளம்பி, கேத்தோடில் போய்ப் படிகிறது. விலையைக் குறைக்க ஸ்டீல் வேண்டும், ஆனால் ஸ்டீலே விஷம்!

நான்காவது, விரிவு. கோபால்ட் அதிகமுள்ள பெரோவ்ஸ்கைட்கள் சூட்டில் எக்கச்சக்கமாக விரியும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை 700 டிகிரி சூடாக்கினால், சிர்கோனியா சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். கோபால்ட் கேத்தோடோ சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பீங்கான்களில் ஒன்று இரண்டு மடங்கு நீண்டால், உரிந்து வரும், அல்லது விரிசல் விடும். செல்லை நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது இந்தத் தொல்லை ஒவ்வொரு முறையும் வரும்.

கேத்தோடு ஆராய்ச்சியின் மொத்தக் கதையும் இந்த இழுபறிதான். ஆக்சிஜனோடு வேகமாகப் பழகும் பொருள், கார்பன் டை ஆக்ஸைடு, குரோமியம் என்று வருகிற எல்லாரோடும் பழகிவிடுகிறது. யாரோடும் ஒட்டாத உறுதியான பொருள், ஆக்சிஜனோடும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

இப்போ என்னென்ன வழி பார்க்கிறாங்க?

இரண்டு நல்ல குணமும் ஒரே பொருளில் கிடைக்காவிட்டால், வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது ஒரு வழி. உறுதியான ஒரு செராமிக்கை எலும்புக்கூடாக வைத்து, அதன் துளைகளுக்குள் வேகமான பொருளின் உப்புக் கரைசலை ஊற்றிச் சூடாக்குகிறார்கள். கரைசல் நானோ துகள்களாகப் படியும். எலும்புக்கூடு தாங்கும், நானோ துகள் வேலை செய்யும். சூடு குறைவாக இருந்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் குறையும்.

விரிவுப் பிரச்னைக்கு 2021-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு புத்திசாலித்தனமான பதில் வந்தது. அதே ஷாவோவும் பங்கேற்ற ஆய்வு. சூடாக்கினால் விரிவதற்குப் பதிலாகச் சுருங்கும் விநோதப் பொருட்கள் சில உண்டு. யிட்ரியம் டங்ஸ்டேட் அப்படிப்பட்டது. அதைக் கோபால்ட் கேத்தோடோடு கலந்தபோது, ஒன்று விரிய இன்னொன்று சுருங்கி, கேத்தோடின் மொத்த விரிவு எலக்ட்ரோலைட்டின் அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மேற்பரப்பு வேதியியலிலும் ஒரு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. ஹாரி டல்லர் தலைமையிலான எம்.ஐ.டி குழு 2020-ல் பள்ளிக்கூட வேதியியலில் படித்த அமிலம், காரம் என்ற கணக்கை இங்கே போட்டுப் பார்த்தது. ஆக்சிஜனை உள்வாங்கும் ஒரு செராமிக்கின் மேல் மிகச் சிறிய அளவில் வெவ்வேறு ஆக்ஸைடுகளைச் சேர்த்தார்கள். காரத்தன்மை உள்ள லித்தியம் ஆக்ஸைடு, ஆக்சிஜன் உள்ளே போகும் வேகத்தைக் கிட்டத்தட்ட 1,000 மடங்கு கூட்டியது. அமிலத்தன்மை உள்ள சிலிக்கா கிட்டத்தட்ட அதே அளவு குறைத்தது. குரோமியம் ஆக்ஸைடும் அமில வகைதான். அப்படியென்றால் காரப் பொருளைச் சேர்த்து அந்த விஷத்தை முறிக்கலாமே? அடுத்த ஆய்வுகளில் குரோமியத்தால் மந்தமான மேற்பரப்பை லித்தியம் ஆக்ஸைடு மீட்டெடுத்ததை அதே குழுவினர் காட்டினார்கள்.

கோபால்ட்டையே தவிர்க்கலாமா என்ற தேடலும் நடக்கிறது. உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. பேட்டரிகளும் அதற்குப் போட்டி போடுகின்றன. இரும்பை மையமாக வைத்த கேத்தோடுகள் மலிவானவை, விரிவும் குறைவு. வேகத்தில் மட்டும் கோபால்ட்டை எட்டிப்பிடிப்பது சிரமமாக இருக்கிறது.

ஆட்டத்தையே மாத்தினா?

இன்னொரு கூட்டம் வேறு மாதிரி யோசித்தது. பெரிய ஆக்சிஜன் அயனியை நடுவில் ஓட்டுவதால்தானே இவ்வளவு சூடு தேவை? பொடியனான புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, எதிர்த்திசையில் ஓட்டினால் என்ன? இதுதான் புரோட்டான் செராமிக் செல்.

இதில் எலக்ட்ரோலைட் குறைந்த சூட்டிலேயே நன்றாக ஓடுகிறது. ஆனால் கேத்தோடின் சுமை இன்னும் கூடுகிறது. நீராவி இப்போது காற்றுப் பக்கத்தில் உருவாகும். கேத்தோடு, எலக்ட்ரானோடும் ஆக்சிஜனோடும் சேர்த்துப் புரோட்டானையும் கையாள வேண்டும்.

2015-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் ரயன் ஓ’ஹெய்ர் குழு, இதற்கென்றே ஒரு பேரியம் பெரோவ்ஸ்கைட் கேத்தோடை உருவாக்கி, 500 டிகிரியில் நல்ல மின்சாரம் எடுத்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. 2018-ல் சோசினா ஹெய்லின் குழுவும் தென்கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து, பிரசியோடிமியம் உள்ள இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டை வைத்து அதே 500 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லிவாட்டைத் தாண்டினார்கள். 2004-ல் பி.எஸ்.சி.எஃப் அந்த வெப்பநிலையில் கொடுத்தது 402 என்பதை நினைவில் வையுங்கள். எண் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஆனால் இந்த முறை நிலைத்தன்மையையும் சேர்த்தே காட்டியிருந்தார்கள். 14 ஆண்டுகளில் ஆராய்ச்சியின் கவனம் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

ஆய்வகம் வேற, கடை வேற

இந்தத் துறையில் ‘சாதனை’ என்று செய்தி வரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் பயன்படுத்துவது பெரும்பாலும் சட்டைப் பட்டன் அளவு செல். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடினாலே அது நல்ல முடிவு. ஆனால் வாங்குகிறவர் கேட்பது 40,000 மணி நேரம். அதாவது நிற்காமல் சுமார் நாலரை ஆண்டு.

அமெரிக்க எரிசக்தித் துறையின் இலக்கு, 1,000 மணி நேரத்துக்கு 0.2 சதவீதத்துக்கு மேல் திறன் குறையக் கூடாது என்பது. இந்த வேகத்தில் தேய்ந்தால் 40,000 மணி நேரத்தில் இழப்பு 8 சதவீதம், சமாளிக்கலாம். அதுவே 1,000 மணிக்கு 1 சதவீதம் என்றால் 40 சதவீதம் போய்விடும். சின்னதாகத் தெரியும் அந்த 0.8 வித்தியாசம்தான், ஒரு கண்டுபிடிப்பு கடைக்கு வருமா, கட்டுரையோடு நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே அடுத்த முறை ‘புதிய கேத்தோடு கண்டுபிடிப்பு’ என்று செய்தி பார்த்தால், நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள்:

* எத்தனை டிகிரியில் அந்த மின்சாரம் வந்தது?
* எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள்?
* சுத்தம் செய்த காற்றா, ஈரமும் கார்பன் டை ஆக்ஸைடும் உள்ள சாதாரணக் காற்றா?
* எத்தனை முறை குளிரவைத்து மீண்டும் சூடாக்கினார்கள்?

நான்குக்கும் நல்ல பதில் இருந்தால், அது உண்மையிலேயே பெரிய செய்தி.

எங்கே வந்து நிற்கிறோம்?

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்விலிருந்து 2001-ல் பிறந்த செரிஸ் பவர் நிறுவனம், ஸ்டீல் தகட்டின் மேலேயே சீரியா அடிப்படையிலான செல்லை அச்சிடுகிறது. அந்தத் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று, தென்கொரியாவின் டூசான் 2025-ல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. வேலை செய்யும் வெப்பநிலை சுமார் 620 டிகிரி. ஜப்பானில் 2010-களின் தொடக்கத்திலிருந்தே, வீட்டுக்கு மின்சாரமும் வெந்நீரும் சேர்த்துக் கொடுக்கும் 700 வாட் செல்கள் விற்பனையில் இருக்கின்றன. இந்தியாவில் கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆய்வு நிறுவனம் இந்த வகை செல்களில் ஆராய்ச்சி செய்துவருகிறது.

இதே செல்லைத் தலைகீழாக ஓட்டினால், மின்சாரம் கொடுத்து ஹைட்ரஜனோ ஆக்சிஜனோ எடுக்கலாம். ஸ்ரீதரின் பயணம் தொடங்கியதும் அங்கேதான். ப்ளூமுக்கு முன்பு, செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவிக்காக நாசாவுக்கு வேலை செய்தவர் அவர். பிறகு 2021-ல் நாசாவின் ‘மாக்ஸி’ கருவி செவ்வாயிலேயே அதைச் செய்து காட்டியது. 16 முறை ஓடி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. அதுவும் 800 டிகிரியில்தான்!

செவ்வாயில் 800 டிகிரி பரவாயில்லை. அங்கே விலை கேட்க ஆள் இல்லை. இங்கே, கரன்ட் போனதும் ஆன் பண்ணி, வந்ததும் ஆஃப் பண்ணுகிற சாதாரணப் பெட்டியாக இது மாற வேண்டும் என்றால், அதற்கு 500 டிகிரியில் சோர்வில்லாமல், சாதாரணக் காற்றில், நாலரை ஆண்டு உழைக்கும் ஒரு கேத்தோடு வேண்டும். வேகமானது கிடைத்துவிட்டது. உழைக்கக்கூடியதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.